தூணைப் பார்த்த மாப்பிள்ளை

சென்னையில் நான் செய்த கொலைகளுக்குக் கணக்கில்லை. அடையாறில் விஷம் வைத்திருக்கிறேன், அண்ணா நகரில் கத்தியால் குத்தியிருக்கிறேன், பெசன்ட் நகரில் ஒரு தொழிலதிபரை மொட்டை மாடியிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறேன். எல்லாமே இராமநாதபுரத்தில், அண்ணன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தபடி செய்தவை. பகலில் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு ஒரு கொலை. மாதம் ஒரு துப்பறியும் நாவல் என்று பதிப்பகத்தோடு பேச்சு. புத்தகமாக வாங்குகிறவர்கள் குறைந்த பிறகு, இப்போது செல்போனில் அத்தியாயம் அத்தியாயமாகப் போடுகிறார்கள். அட்டையில் ஓர் ஆணின் பெயர் இருக்கும். பெண் பெயரில் போட்டால் குடும்பக் கதை என்று நினைத்துவிடுவார்கள் என்று பதிப்பகத்தார் ஆரம்பத்திலேயே வைத்த பெயர் அது. நானும் மாற்றச் சொல்லவில்லை.

என் துப்பறிவாளர் போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்தவர். மவுண்ட் ரோட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் அலுவலகம் வைத்திருக்கிறார். அங்கே லிஃப்ட் எப்போதும் வேலை செய்யாது. ஆரம்பத்தில் அவர் படிகளைத் தாவி ஏறினார். எனக்கு முட்டி வலி வந்த பிறகு அவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். வாசகர்கள் அதைப் பாத்திர வளர்ச்சி என்று எழுதினார்கள். ஒருமுறை தி. நகர்த் தெரு ஒன்றில் அவரைக் காரில் துரத்தவிட்டேன். அது ஒருவழிப் பாதையாகிப் பல காலமாயிற்று, உங்கள் துப்பறிவாளர் எதிரே வந்தால் முதலில் அவர்மேல்தான் கேஸ் போடுவார்கள் என்று ஒரு சென்னைக்காரர் எழுதிப் போட்டார். அன்றிலிருந்து அவரை நடக்கவே விட்டேன். நடந்தால் எந்தத் தெருவிலும் போகலாம்.

உண்மையைச் சொன்னால், சென்னைக்கு நான் போனதெல்லாம் கல்யாணம், பயிற்சி வகுப்பு, ஆஸ்பத்திரி என்று சில தடவைதான். என் சென்னை முழுக்க முழுக்க செல்போன் வரைபடத்தில் இருப்பது. ஆனால் அண்ணனுக்கு அது புரியவே இல்லை. தங்கச்சி மெட்ராஸைக் கரைத்துக் குடித்தவள் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. நான் எழுதிய ஒரு வரியைக்கூட அவர் படித்தது கிடையாது. படித்திருந்தால் அந்த நம்பிக்கை வந்திருக்காது.

அண்ணனுக்குக் குண்டு மிளகாய் வத்தல் வியாபாரம். கமுதிப் பக்கத்துக் கிராமத்தில் கொஞ்சம் நிலம். பெற்றோர் போன பிறகு, கல்யாணம் நடக்காத தங்கையான என்னை மாடி அறையில் வைத்துக்கொண்டார். கல்யாணம் நடக்காததற்குப் பெரிய கதையெல்லாம் இல்லை. பார்க்க வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். பிறகு வருவது நின்றுவிட்டது. அவர் மனைவி, என் மதினி, என்னை ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அவர்களுக்கு ஒரே மகள். பரமக்குடியில் ஒரு கைத்தறிச் சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். தினமும் பஸ்ஸில் போய்வருவாள். அதிகம் பேசாத பெண். நான் எழுதியதை அந்த வீட்டில் படித்த ஒரே ஆள் அவள்தான். பாதியிலேயே கொலைகாரன் யாரென்று சொல்லி என் மானத்தை வாங்குவாள்.

அவளுக்கு ஒரு மாப்பிள்ளை அமைந்தது. கமுதி தாண்டி உள்ளே போகும் ஒரு ஊர்க்காரக் குடும்பம். பையன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எங்கள் பக்கத்தில் முதலில் ஜாதகம் பார்ப்பார்கள். அது சரி என்றால் இரண்டு குடும்பமும் ஏதாவது ஒரு கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்திக்கும். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தோம், போகிறோம் என்று இரண்டு பக்கமும் மானத்தோடு பிரிந்துவிடலாம். அதற்காகத்தான் கோயில். எங்களுக்கு இராமேஸ்வரம் கோயில். அந்த நீளமான பிரகாரத்தில் ஒரு மூலையில் பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே நின்றார்கள். அண்ணன் பையனின் அப்பாவிடம் என்னைக் காட்டி, "எந்தங்கச்சி. டீச்சரு. அது மட்டுமில்ல, மெட்ராஸ் கொலைக்கதையெல்லாம் எழுதுறவ" என்று பெருமையாகச் சொன்னார். அவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றதுபோல் எனக்குத் தோன்றியது. மதினி அண்ணனின் முழங்கையை இடித்தார்.

கோயில் முடிந்தால் அடுத்தது விசாரிப்பு. பெண் வீட்டிலிருந்து இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் மாப்பிள்ளையின் ஊருக்குப் போவார்கள். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் உட்கார்ந்து, ஆட்டுக்கிடாய் விலைக்கு இருக்கிறதா என்று கேட்பார்கள். கடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் இவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரியும். கிடாய்ப் பேச்சு இரண்டு வாய் டீக்குள் முடிந்துவிடும். "எந்த வீட்டுக்கு?" என்று அவர்களே கேட்டுவிடுவார்கள். டீக்கடைக்காரர் ஒரு வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தால் அதற்கும் அர்த்தம் உண்டு. என் துப்பறிவாளர் ஒரு நாவல் முழுக்க அலைந்து தெரிந்துகொள்வதை எங்கள் ஆட்கள் ஒரு டீயில் தெரிந்துகொண்டு வந்துவிடுவார்கள்.

அண்ணன் அப்படிப் போய்விட்டு வந்து, சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நல்ல குடும்பம். பையனோட சித்தப்பன்மாரு அங்கனதான் இருக்காக. மானஸ்தங்க. அவங்க வகையறாவுல ஒரு பிள்ளை வீட்டை மீறி எவனோடயோ போனப்ப, திரும்பக் கூட்டியாந்துருக்காக. அதுக்கப்புறம் அந்தப் பிள்ளையப் பத்தி ஊருக்குள்ள பேச்சே இல்லையாம்."

"அப்படித்தான் இருக்கணும்" என்று மதினி இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

 அந்தப் பிள்ளை இப்போது எங்கே என்று கேட்டேன். "அது எதுக்கு நமக்கு?" என்றார் அண்ணன். என் நாவலில் இது முதல் அத்தியாயமாக வந்திருக்கும். எங்கள் வீட்டில் அது குடும்பத்தின் நற்சான்றாகப் போய்ச் சேர்ந்தது.

ஊர் விசாரிப்பு முடிந்ததும் பாக்கியிருந்தது சென்னை விசாரிப்பு. "இங்கன வாத்தா" என்று அண்ணன் கூப்பிட்டார். "அங்கன போயி பையன் எப்படின்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துரு. நம்ம ஆளுக யாரு போனாலும் எக்மோர்லயே தொலஞ்சு போவாங்க. நீதான் துப்பறியிறவளாச்சே."

அது நான் இல்லை, நான் எழுதுகிற ஆள் என்று சொல்லிப் பார்த்தேன். "ரெண்டும் ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டு அவர் வத்தல் மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கிக்குக் கிளம்பிவிட்டார். அந்த மாதத்து நாவல் பாதியில் நின்றது. முட்டி வலி வேறு. இருந்தாலும் மறுக்க மனம் வரவில்லை. இத்தனை வருஷமாக அண்ணன் என்னிடம் கேட்ட முதல் உதவி அது.

கிளம்புவதற்கு முன்தினம் சாயங்காலம் மாடியில் காய்ந்த வத்தலை அள்ளிக்கொண்டிருந்தோம், அண்ணன் மகளும் நானும். வத்தல் அள்ளும்போது எல்லோருக்கும் கண் கலங்கும், மூக்கு ஒழுகும். யார் எதற்காக அழுகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாத வேலை அது.

"அத்தை, எனக்கு அவரப் பிடிச்சிருக்கு" என்றாள் தலையைத் தூக்காமல்.

"நல்லதுதானே."

"ஆனா அவரு என்னையப் பாக்கவே இல்ல. நின்ன நேரம் பூராவும் பக்கத்துத் தூணைத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. நானும் வெக்கம்போலன்னு நெனச்சேன். வெக்கப்படுற ஆளு இடையில ஒருதடவையாச்சும் பாப்பாருல்ல?"

 பிரகாரத்தில் நின்றிருந்த எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. நான் அங்கே நின்றுகொண்டு அந்த மாதத்துக் கொலைக்கு ஏற்ற மூலை எது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அய்யா கேக்குறது எல்லாத்தையும் விசாரிங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரியணும். அவரு மனசோட சம்மதிச்சாரா, இல்ல வீட்டுக்குப் பயந்துக்கிட்டுத் தலையாட்டுறாரா? எதுவா இருந்தாலும் எங்கிட்ட உண்மையச் சொல்லிரணும் அத்தை. காலம்பூரா தூணைப் பாத்துக்கிட்டிருக்கிற ஆளோட என்னால இருக்க முடியாது."

சொல்கிறேன் என்றேன். பிறகு கண்ணைத் துடைக்க வத்தல் கையோடு போய், எரிச்சல் தாங்காமல் தொட்டித் தண்ணீருக்கு ஓடினேன்.

ரயில் என்னை எழும்பூரில் இறக்கிவிட்டது. ஒரு லாட்ஜில் பையை வைத்துவிட்டு வேளச்சேரிக்குப் போனேன். பையன் இருந்தது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். நான் ஊர் வழக்கப்படி எதிரே இருந்த டீக்கடையிலிருந்து தொடங்கினேன். கடையில் கூட்டம் இருந்தது, பேச்சு இல்லை. வந்தவர்கள் எல்லோரும் செல்போனைப் பார்த்தபடி குடித்தார்கள், செல்போனைக் காட்டிக் காசு கொடுத்தார்கள், செல்போனைப் பார்த்தபடியே போனார்கள். யாராவது "எந்த ஊரும்மா?" என்று கேட்பார்கள், அதிலிருந்து பேச்சைப் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் நானே டீ போடுகிறவரிடம் எதிர்க் கட்டடத்தைக் காட்டி, அங்கே இன்ன மாதிரி ஒரு பையன் இருக்கிறாரே, ஆள் எப்படி என்று கேட்டேன்.

"அங்க இருக்கறவங்களுக்கே பக்கத்து வீட்ல யாருன்னு தெரியாதும்மா. எனக்கெங்க தெரியும்?" என்றார். பால் பொங்கியது, அவர் அதைப் பார்க்கப் போய்விட்டார்.

என் நாவல்களில் இந்த இடத்தில் காவலாளி வருவார். வயதானவர், பீடி குடிப்பவர், கொஞ்சம் தட்டிக்கொடுத்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அந்தக் காவலாளியை நான் எத்தனையோ நாவல்களில் பயன்படுத்தியிருக்கிறேன். நிஜத்தில் வாசலில் நின்றது ஓர் இளைஞர், வடக்கேயிருந்து வந்தவர். எனக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழில் "யாரு பாக்கணும்?" மட்டும்தான் தெரிந்தது. நான் தடுமாறி, பேச்சு வளர்க்கிற நினைப்பில் பையனின் பெயரையே சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த செல்போனில் என்னவோ தட்டினார். என் முகத்தை ஒரு படம் பிடித்தார். அது நேராக மேலே அந்தப் பையனின் செல்போனுக்குப் போய்விட்டது.

ஓடிவிடலாமா என்று நினைத்தேன். முட்டி சம்மதிக்கவில்லை. அதற்குள் பையன் படியிறங்கி வந்துவிட்டார்.

"நீங்க அந்தப் பொண்ணோட அத்தைதானேம்மா? கோயில்ல பாத்தேன்."

முதல் அத்தியாயத்திலேயே பிடிபட்ட துப்பறிவாளர் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவமானத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் கொஞ்சம் சிரித்தார். நல்ல முகம். தூங்கிப் பல நாளானவர்போல் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

பக்கத்தில் ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். என் துப்பறிவாளர் யாரிடமும் எதையும் நேராகக் கேட்க மாட்டார். சுற்றிச் சுற்றி வந்து, எதிராளி தன்னை அறியாமல் உளறும்வரை காத்திருப்பார். எனக்கு அவ்வளவு பொறுமையும் இல்லை, தெம்பும் இல்லை. "தம்பி, எங்க பிள்ளைய உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கிளாஸைப் பார்த்தார். பிறகு என் தலைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார்.

"உங்க பொண்ணை நான் பாக்கலம்மா. பாத்தா பாவம்னு தோணிரும். அதுக்காகவே பாக்கல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். யாரிடமாவது சொல்லமாட்டோமா என்று காத்திருந்தவர்போல் சொன்னார். அவருடைய அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். பாம்பன் பக்கத்துக் கடற்கரை ஊர். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அப்பா படகில் கடலுக்குப் போகிறவர். "ஊர்ல பாத்திருந்தா பேசியிருக்கவே மாட்டோம். இங்க வந்து, ஒரே பஸ்ஸுக்கு நின்னு, ராம்நாட்டுப் பேச்சக் கேட்டுத் திரும்பிப் பாத்தோம்" என்றார். இருவரும் வெளிநாட்டுக் கிளைக்கு மாறுதல் கேட்டிருந்தார்கள். அது வரும்வரை மூச்சுக் காட்ட முடியாது.

"வீட்டுல வேண்டாம்னு சொல்லிற வேண்டியதுதானே?"

"இதுக்கு முன்னாடி வந்த இடத்தையெல்லாம் நாந்தான் தட்டிவிட்டேன். இதையும் நானே தட்டுனா, ஏன் எதுக்குன்னு கெளம்பி வந்துருவாங்க. எங்க சித்தப்பாமாரப் பத்தி விசாரிச்சிருப்பீங்களே."

விசாரித்திருந்தோம். மானஸ்தர்கள்.

"போனாளே, ஒரு பிள்ளை. அது எனக்கு அக்கா முறை" என்றார்.  ஜூஸ் அப்படியே இருந்தது.

கிளம்பும்போது அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க பக்கத்துலேருந்து வேண்டாம்னு வரணும்மா. நான் குடிப்பேன்னு சொல்லிருங்க. என்ன வேணும்னாலும் சொல்லிருங்க. அவளப் பத்தி மட்டும் வாயத் தெறந்துராதீங்க."

திரும்பி வந்த ரயிலில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். உண்மையைச் சொன்னால் அண்ணன் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். கிட்டங்கியில் யாரிடமாவது சொல்வார். அது கமுதி பஸ் பிடித்து அந்தச் சித்தப்பாமாரிடம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? அந்தப் பெண்ணின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் என் வாயில் அவள் உயிர் இருந்தது. கதையில் எத்தனையோ பெண்களை அலட்டிக்கொள்ளாமல் கொன்றவள் நான். அன்று இந்த ஒருத்தியை எப்படி உயிரோடு விடுவது என்று வழி தேடினேன்.

குடிப்பார் என்று சொன்னால் காரியம் நடக்காது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை குடிப்பது கல்யாணம் ஆனால் சரியாகிவிடுகிற வியாதி. வேலை நிலையில்லை என்றால் அண்ணன் இன்னொருவரை விட்டு விசாரிப்பார். அண்ணன் தானாகவே, அடுத்த கேள்வி கேட்காமல், இந்த இடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதை வெளியே சொல்லவும் கூசவேண்டும். அப்போதுதான் ஜாதகம் பொருந்தவில்லை என்று முடித்துவிடுவார். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லிவிட்டால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள், அது ஒரு மரியாதை.

என்ன சொன்னால் அண்ணனுக்குக் கூசும் என்று யோசித்தபோது நானே என் கைக்குக் கிடைத்தேன். என்னைப் பற்றி அந்தப் பையன் வீட்டில் கேவலமாகப் பேசியதாகச் சொல்லிவிட்டால்? அண்ணன் கொதித்துப்போவார். "எந்தங்கச்சியச் சொல்றவன் வீட்டுக்கு எம்பொண்ணு போக மாட்டா" என்பார். அந்த வசனத்தை அவருக்காக நானே எழுதி, அவர் குரலிலேயே மனதுக்குள் பேசிப் பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது. ஒரு பொய்யில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. எதிரே இருந்த அம்மாள் என்னம்மா என்று கேட்டார். தூசி என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனையும் மதினியையும் உட்காரவைத்துச் சொன்னேன். பையனை நேரிலேயே பார்த்தேன், நாகரிகமாகத்தான் பேசினார், ஆனால் அவர் வீட்டில் இதை எப்படி முடிப்பது என்று யோசிக்கிறார்களாம் என்றேன். "அத்தைக்காரி கல்யாணம் ஆகாம வீட்டோட இருக்காங்களாமே, அதுவும் கொலைக்கதை எழுதிக்கிட்டுன்னு யோசிக்கிறாங்களாம். அந்த வீட்டுப் பொண்ணு எப்படி இருக்குமோன்னு" என்று சொல்லி நிறுத்தினேன்.

எதற்கும் தயாராக இருந்தேன். எங்கே சந்தித்தாய், வேறு யார் இருந்தார்கள், அந்த வார்த்தையையே சொன்னானா என்று எந்தக் கேள்வி வந்தாலும் பதில் வைத்திருந்தேன். கடைசி அத்தியாயத்தில் ஓட்டை இல்லாமல் கட்டுவது என் தொழில்.

அண்ணன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் நெனச்சேன்" என்றார். "இந்தப் பேச்சு ஒருநா வரும்னு."

"நான் அன்னைக்கே இடிச்சேன், கோயில்ல போயி அதைச் சொல்லாதீகன்னு" என்றார் மதினி. கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று நேற்றே சொன்னேனே என்பதுபோல் சொன்னார்.

"அவங்க சொல்றதுக்கு முன்னாடி நாமளே ஜாதகம் சரியில்லன்னு சொல்லிருவோம். மரியாதையாப் போகும்" என்று அண்ணன் செல்போனை எடுத்தார். இடையில் என்னைப் பார்த்து, "நீ சாப்டியா?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

நான் நினைத்த காரியம் நினைத்தபடி நடந்தது. அந்தக் கல்யாணம் நின்றது. ஆனால் என் வாசகர்கள்கூட நான் சொன்னதை இவ்வளவு சுலபமாக நம்பியதில்லை. நாலு வரியில் ஒருத்தியைக் குற்றவாளி என்று சொன்னேன், அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள், அவளுக்காக ஒருத்தர் வாய் திறக்கவில்லை. அந்தப் பொய்யை நான் சொல்லவே தேவையில்லை, அது அந்த வீட்டில் ஏற்கெனவே குடியிருந்தது என்று மாடிப்படி ஏறும்போது புரிந்தது. அன்றைக்குப்போல் என் முட்டி என்றைக்கும் வலித்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் மகள் மேலே வந்தாள். கதவில் சாய்ந்து நின்றாள்.

"அத்தை, அவரு வீட்டுப் பேச்சையெல்லாம் அப்படி வந்து சொல்ற ஆளு இல்ல."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அம்புட்டுப் பேசத் தெரிஞ்ச ஆளு ஏன் தூணைப் பாக்கணும்?"

அவளிடம் என்னால் கதை விட முடியாது என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன் என்று வேறு வாக்குக் கொடுத்திருந்தேன். "உன்னைய வேண்டாம்னு சொல்லல. உன்னைய அவரு பாக்கவே இல்ல. அவருக்கு வேற ஒருத்தி இருக்கா" என்றேன்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் வராமல், வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது, அதை நான் மறந்தே போயிருந்தேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்தப் பெண் யாரென்று சொல்லத் தொடங்கியபோது கையை நீட்டித் தடுத்தாள்.

"யாருன்னு சொல்லாதீங்க அத்தை. தெரிஞ்சுக்கிட்டா என்னைக்காச்சும் கோவத்துல வாய் தவறி வந்துரும்." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அய்யாகிட்ட ஏன் உங்க மேல பழியப் போட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"உங்கய்யா எனக்காகச் சண்டைக்கு நிப்பாருன்னு நெனச்சேன்" என்றேன்.

அவள் என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வரன் பரமக்குடியிலிருந்து வந்தது. இந்தத் தடவை கோயில் இல்லை, வீட்டுக்கே வருகிறோம் என்றார்கள். அதற்கு முந்தின நாள் அண்ணன் மாடிக்கு வந்தார். அவர் படியேறி என் அறைக்கு வருவது அபூர்வம். மேசையில் இருந்த நாவல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்கு அவக வாராக. நீ ஒரு எட்டு இராமேஸ்வரம் போயி சாமி கும்பிட்டுட்டு வாயேன்த்தா. நான் போன் பண்றேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கவிழ்த்து வைத்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலும் ஒரு தூண் இருந்தது.

போனேன். பஸ் பாம்பன் பாலத்தின்மேல் போகும்போது கீழே படகுகள் நின்றன. அவற்றில் ஒன்று அந்தப் பெண்ணின் அப்பாவுடையதாக இருக்கலாம் என்று நினைத்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன். கோயிலுக்குள் செல்போன் விடமாட்டார்கள், அண்ணன் கூப்பிட்டால் தெரியாது. அதனால் உள்ளே போகாமல் அக்னி தீர்த்தக் கரையிலேயே உட்கார்ந்தேன். எங்கிருந்தெல்லாமோ வந்த ஜனங்கள் முங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். அலுப்பாக இருந்தது. வீட்டைவிட்டு ஒரு நாள் வெளியே நில் என்றால் நிற்பதற்குக் கோயில் ஊர் ஒன்று பக்கத்தில் இருப்பதும் ஒரு வசதிதான் என்று நினைத்துக்கொண்டேன். வெயில் ஏறியது. அழக்கூட இல்லை.

மத்தியானம் செல்போனில் அண்ணன் மகளின் செய்தி வந்தது. "என்னையப் பாத்தாரு அத்தை. காப்பி குடுக்கும்போது ஒருதடவை, அப்புறம் ஒருதடவை. உங்க அத்தை எங்கன்னு கேட்டாரு. அந்த ஆம்பளைப் பேருல எழுதுறது நீங்கதான்னு பரமக்குடியில யாரோ சொன்னாங்களாம், உங்க கதை படிச்சிருக்காராம்."

அப்போதுதான் அழுதேன். தீர்த்தக் கரையில் யார் அழுதாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அவர்கள் கிளம்பிவிட்டார்கள், நீ வரலாம் என்றார்.

அந்தக் கல்யாணம் நடந்து அவள் பரமக்குடியில் இருக்கிறாள். வேளச்சேரிப் பையனும் பாம்பன் பெண்ணும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு நாட்டை விட்டே போய்விட்டார்கள். இனி யார் கையும் எட்டாத தூரம். அதனால்தான் இதை எழுத முடிகிறது. அண்ணன் இன்றைக்கும் என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார். வீட்டுக்கு விசேஷக்காரர்கள் யாராவது வந்தால் மட்டும் என் புத்தகங்களைக் கவிழ்த்து வைப்பார். பழைய பேச்சு என்றைக்காவது வந்தால், அந்த மாப்பிள்ளை வீட்டார் என்னைச் சொன்ன சொல்லை நினைத்துத் தலையை ஆட்டிக்கொள்வார். அப்படி ஒரு சொல்லை யாருமே சொல்லவில்லை என்று அவருக்கு இன்னும் தெரியாது.

நான் எழுதிய எதையும் அண்ணன் படித்ததில்லை. இதையும் படிக்கமாட்டார். இராமநாதபுரத்தில் வத்தல் மண்டிப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதைப் படித்திருந்தால், கொஞ்சம் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.